திருகைத் தொடுவதற்கு முன்

“அண்ணே, டிரிகரை ஒரு தடவைதான் இழுக்கிறேன். அது பாட்டுக்குப் படபடன்னு அடிச்சிக்கிட்டே போகுது. வேகத் திருகைக் கூட்டியும் பார்த்துட்டேன், குறைச்சும் பார்த்துட்டேன். சரிப்பட்டு வரலே.”

பாடாங் செராய் ஒட்டுக்கடை ஒன்றில் தே தாரிக்கைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்ட தம்பிக்கு வார நாளில் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஷிப்டு வேலை. சனி, ஞாயிறில் தோட்டத்தை ஒட்டிய ஒரு பெயின்ட்பால் களத்தில் வாடகைத் துப்பாக்கிகளைக் கழுவி, துடைத்து, சரிசெய்து கொடுக்கும் பொறுப்பு. தே தாரிக் முடிந்து தே ஓவும் வந்தது, பேச்சு முடியவில்லை. அவருக்குச் சொன்னதைச் சொன்ன வாக்கிலேயே, கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இந்த வேலையைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் தானே தடவிக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் நம் வட்டாரத்தில் பலர். எல்லாரும் முதலில் கை வைப்பது அந்தத் திருகில்தான். கடைசியில் தொட வேண்டியது அது.

தம்பி, இந்தக் கருவி நமக்கு அவ்வளவு அந்நியமானதல்ல. எந்த மரம், எந்தப் பட்டை என்று ரப்பர் மரத்தில் சாயத்தால் குறி போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்காவில் நெல்சன் என்ற சாயக் கம்பெனியும் அந்த மாதிரி வேலைக்குத்தான் இதை விற்றது. வெட்ட வேண்டிய மரத்துக்குக் கிட்டப் போகாமலே குறி வைக்க, 1970களில், டெய்சி என்ற காற்றுத் துப்பாக்கிக் கம்பெனியிடம் செய்து வாங்கியது. மாட்டுப் பண்ணைக்காரர்களும் மந்தையில் குறி வைக்க வாங்கினார்கள். 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ஷையர் மாநிலத்தில், ஹெனிக்கர் ஊர்க் காட்டில், 12 பேர் அதே துப்பாக்கியோடு இறங்கிக் கொடி எடுக்கும் ஆட்டம் ஆடினார்கள். ஜெயித்தவர் ரிச்சி வைட். காட்டு மரங்களைப் பராமரிக்கும் தொழில்காரர். ஆட்டம் முழுவதும் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. அங்கே தொடங்கியது பிற்பாடு நம் கெடா மாநிலத்து லங்காவிக்கே வந்து, ‘உலகக் கோப்பை ஆசியா’ என்ற பெயரில் பல நாட்டு அணிகள் மோதும் பந்தயமாக நடந்தது.

கதை போதும். துப்பாக்கிக்கு வருவோம்.

உன் களத்தில் இருப்பது டிப்மன் 98 கஸ்டம். வாடகைக்கு இதைவிட உழைக்கும் துப்பாக்கி குறைவு. விழுந்தாலும், சேற்றில் கிடந்தாலும் சுடும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு முறை மனதில் ஓட்டிப் பார்க்காமல் இதைத் திருத்த முடியாது. உள்ளே இரண்டு போல்ட் இருக்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டையும் சேர்ப்பது ஒரு மெல்லிய இணைப்புக் கம்பி. போல்ட்டைக் கையால் இழுக்கும் கொக்கியைப் பின்னால் இழுக்கும்போது பின்போல்ட் அதன் பின்னாலுள்ள பெரிய ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு போய், சியர் என்கிற சின்ன இரும்பு நாக்கில் மாட்டி நிற்கிறது. டிரிகரை இழுத்தால் நாக்கு கீழே இறங்கும், ஸ்பிரிங் தள்ளும், பின்போல்ட் முன்னால் பாயும். அதே ஓட்டத்தில் முன்போல்ட் குண்டைப் பேரலுக்குள் தள்ளிவிடும். பின்போல்ட் நடுவிலுள்ள வால்வின் ஊசியில் போய் இடிக்கும். வால்வு திறந்து காற்று இரண்டு பக்கமும் போகும். முன்பக்கம் போனது குண்டை எறிகிறது. பின்பக்கம் வந்தது பின்போல்ட்டைத் திரும்பப் பின்னால் தள்ளி நாக்கில் மாட்டிவிடுகிறது. அடுத்த சுடுதலுக்கு அது தயார்.

இப்போது உன் கோளாறைப் பார். டிரிகரை நீ ஒரு தடவைதான் இழுத்தாய். பின்போல்ட் பின்னால் வந்தது, ஆனால் நாக்கு வரை வரவில்லை. இல்லை, வந்தும் நாக்கில் பிடி கிடைக்கவில்லை. ஸ்பிரிங் அதை மறுபடி முன்னால் தள்ளுகிறது, வால்வில் இடிக்கிறது, அரைகுறையாகச் சுடுகிறது, திரும்ப வருகிறது, மறுபடியும் பிடி இல்லை. அந்தப் படபட சத்தம் இதுதான். டிப்மனில் வேகத் திருகு செய்வது குண்டை நோக்கிப் போகும் காற்றின் வழியைக் குறுக்குவதும் விரிப்பதும் மட்டும். பின்போல்ட் நாக்கில் மாட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதனால்தான் எவ்வளவு திருகினாலும் படபடப்பு நிற்கவில்லை.

“அப்போ எங்கேருந்து ஆரம்பிக்கிறது அண்ணே?”

காற்றிலிருந்து. எப்போதும் காற்றிலிருந்து. அதற்கும் முன்னால் ஒன்று: பேரல் வாய்க்கு உறை, உன் முகத்துக்கு முகமூடி, சுற்றி நிற்பவர்களுக்கும் முகமூடி. குண்டுக் கூடையைக் கழற்று. உள்ளே ஒரு குண்டு தங்கியிருக்கும் என்று எப்போதும் நினைத்துக்கொள்.

படபடப்புக்கு மிகச் சாதாரணமான காரணம் தொட்டியில் காற்று தீர்ந்து வருவது. அழுத்தக் காற்றுத் தொட்டியில் 3000 பிஎஸ்ஐ, 4500 பிஎஸ்ஐ என்று அடைத்தாலும், அதன் தலையிலுள்ள ரெகுலேட்டர் துப்பாக்கிக்கு 800, 850 பிஎஸ்ஐ அளவில்தான் விடுகிறது. தொட்டிக்குள் இருப்பது அந்த அளவுக்குக் கீழே போய்விட்டால், வால்வு திறந்தாலும் பின்போல்ட்டைத் தள்ளிவிடப் போதிய பலம் இருக்காது. முள்ளைப் பார்; 1000க்குக் கீழே என்றால் முதலில் காற்றை அடைத்துவிட்டு வா. காற்றடைக்கும்போது அவசரப்படாதே. வேகமாக அடைத்தால் தொட்டி சூடாகும், முள் 3000 காட்டும், ஆறிய பிறகு பார்த்தால் இறங்கியிருக்கும்.

தொட்டி நிறைந்திருக்கிறது, இன்னும் படபடக்கிறது என்றால், தொட்டி முழுசாகத் திருகப்பட்டிருக்கிறதா பார். கடைசி அரைச் சுற்று மிச்சமிருந்தால் தொட்டியின் ஊசி முழுசாக அமுங்காது. மெதுவாகச் சுடும்போது குறை தெரியாது. வேகமாகச் சுட்டால் காற்று போய்ச் சேராமல் திணறும்.

அதுவும் சரி என்றால் பின்போல்ட்டின் ஓ-ரிங். நான் பார்த்த படபடப்புகளில் பெரும்பாலானவை இங்கேதான் முடிந்தன. அந்த ரப்பர் வளையம்தான் பின்னால் வரும் காற்று கசியாமல் போல்ட்டைத் தள்ள வைக்கிறது. அது காய்ந்தாலோ தேய்ந்தாலோ காற்று பக்கவாட்டில் நழுவிவிடும், போல்ட் பாதி வழியில் நின்றுவிடும். திறக்காமலே ஒரு சோதனை செய்யலாம். தொட்டியைக் கழற்றி, அது மாட்டும் வாயில் பெயின்ட்பால் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விட்டு, தொட்டியை மாட்டிப் பத்துத் தடவை சுடு. படபடப்பு நின்றுவிட்டதா? நின்றால் வளையம்தான் காரணம். அன்று முழுவதும் நின்றால் வளையம் வெறுமனே காய்ந்திருந்தது. ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தால் வளையம் தேய்ந்துவிட்டது, மாற்று. எண்ணெய் விட்டு விட்டு ஓட்டாதே. சில்லறைக்கு வருகிற வளையம்.

எண்ணெய் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மோட்டார் சங்கிலிக்கு அடிக்கும் ஸ்பிரேயை உள்ளே அடிக்காதே. ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும். அதைவிட முக்கியம், தொட்டியில் காற்று அடைக்கும் அந்தச் சின்ன முனையில் எந்த எண்ணெயும் கிரீசும் படவே கூடாது. 3000 பிஎஸ்ஐ காற்று சட்டென்று உள்ளே பாயும்போது சூடு கிளம்பும்; அங்கே பெட்ரோலிய எண்ணெய் இருந்தால் தீப்பற்றி வெடிக்கக்கூடும். டீசல் என்ஜின் பற்றுவதும் இந்த விதியில்தான். முனையைச் சுத்தமான துணியால் துடை, மூடி போட்டு வை. துப்பாக்கியின் வாயில் சொட்டு விடுவது வேறு, தொட்டியின் முனையில் விடுவது வேறு. இரண்டையும் ஒரு நாளும் குழப்பிக்கொள்ளாதே.

இனித் திறந்து பார்ப்போம். டிப்மனின் உடம்பு இரண்டு பாதி. ஸ்குரூக்களைக் கழற்றி, படுக்க வைத்து, மேல் பாதியைத் தூக்கினால் உள்ளே உள்ளதெல்லாம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். கையை வைக்குமுன் போனில் ஒரு படம் எடு. பழைய நாளிதழை விரித்து, எடுக்கும் சாமான்களை எடுத்த வரிசையிலேயே வை. பின்போல்ட்டை எடுத்து ஓ-ரிங்கை வெளிச்சத்தில் சுற்றிப் பார். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. டிஷ்யூ தாளை வளையத்தின் மேல் வைத்து மெல்ல ஒரு சுற்று துடை. கீறல் இருக்கும் இடத்தில் தாளின் நார் சிக்கி, வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அடுத்துச் சியர் நாக்கு. புதுசில் அதன் விளிம்பு கூராக, நேராக இருக்கும். ஆயிரக்கணக்கில் சுட்ட பிறகு விளிம்பு மழுங்கி, அந்த ஓரம் மட்டும் கண்ணாடி போலப் பளபளக்கும். பளபளப்பைப் பார்த்தால் மாற்று. அரம் வைத்துக் கூராக்கப் பார்க்காதே. கோணம் மாறினால் டிரிகரைத் தொடாமலே சுட ஆரம்பிக்கும். நாக்குக்குக் கீழுள்ள சின்ன ஸ்பிரிங் சோர்ந்துபோனாலும் இதே கதைதான். நாக்கு நேரத்தில் எழும்பாது, போல்ட் அதைத் தாண்டி ஓடிவிடும்.

பெரிய ஸ்பிரிங்கை மேசையில் உருட்டிப் பார். நேராக உருண்டால் நல்லது. தள்ளாடினால் வளைந்திருக்கிறது, உள்ளே சுவரை உரசிக்கொண்டு ஓடுகிறது. இணைப்புக் கம்பியும் அப்படியே. குண்டு உடைந்து முன்போல்ட் சிக்கிய நேரத்தில் யாராவது கொக்கியை முரட்டுத்தனமாக இழுத்திருந்தால் கம்பி வளைந்திருக்கும். வளைந்த கம்பியை நிமிர்த்தி மாட்டுகிறவர்கள் உண்டு. நான் மாட்டமாட்டேன். மெல்லிய கம்பி, மறுபடி வளையத்தான் போகிறது.

தொட்டியை மாட்டிய உடனே பேரல் வழியே ‘ஸ்ஸ்’ என்று காற்று போகிறது என்று இன்னொன்றும் சொன்னாய். திறக்கும் முன் யோசி. கொக்கி இழுக்காத நிலையில் தொட்டியை மாட்டினாயா? அப்போது பின்போல்ட் வால்வு ஊசியின் மேலேயே சாய்ந்துகொண்டிருக்கும், வால்வு மூடாது. முதலில் கொக்கியை இழுத்து மாட்டிவிட்டு, பிறகு தொட்டியைத் திருகு. பாதிக் கசிவுகள் இதிலேயே நின்றுவிடும். அப்படியும் கசிந்தால் வால்வின் உள் அடைப்பு தேய்ந்திருக்கிறது.

சரி, போல்ட் ஒழுங்காக ஓடுகிறது. இனி வேகம்.

வேகம் என்பதைச் சும்மா எடுத்துக்கொள்ளாதே. 0.68 அங்குலக் குண்டு சுமார் மூன்று கிராம். பல நாடுகளில் பொதுவாக ஒப்புக்கொண்ட உச்சம் வினாடிக்கு 300 அடி. மணிக் கணக்கில் அது 330 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வாடகைக் களங்களில் 280 என்றோ அதற்குக் கீழே என்றோ வைத்துக்கொள்கிறார்கள், அதுதான் சரி. 300ஐ 320 ஆக்கினால் வேகம் நூற்றுக்கு ஏழு பங்குதானே கூடுகிறது என்று தோன்றும். ஆனால் அடியின் பலம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நூற்றுக்குப் பதினான்கு பங்கு கூடிவிடும். களத்துக்கு வருகிறவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் தோளில் படுவது அந்தப் பதினான்கும்தான்.

வேகம் பார்க்கும் மீட்டரை வைத்து ஒரே ஒரு குண்டைச் சுட்டு, 295 காட்டியது என்று திருகைக் குறைத்தேன் என்றாய். ஒரு எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஐந்து ஆறு குண்டு சுட்டு, வரிசையாக எழுது. தொழிற்சாலையில் மணிக்கு ஒரு முறை மிஷின் கணக்கு எழுதுகிறாய் அல்லவா, அந்தப் பழக்கம் உனக்கு இருக்கிறது. எண்கள் விழும் விதத்திலேயே நோய் தெரிந்துவிடும். உதாரணத்துக்கு நானே சில வரிசைகள் எழுதிக் காட்டுகிறேன்.

276, 281, 279, 283, 278. இது ஆரோக்கியமான துப்பாக்கி. கொஞ்சம் ஏறும், இறங்கும், அதைத் தொடாதே.

284, 278, 270, 261, 250. ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே போகிறது. இது காற்று வருவதில் உள்ள குறை. தொட்டி தீர்கிறது, சரியாகத் திருகப்படவில்லை, அல்லது கார்பன் டை ஆக்சைடு தொட்டியாக இருந்தால் அது குளிர்ந்துகொண்டே போகிறது. இதைப் பார்த்துவிட்டுத் திருகைக் கூட்டினால் என்ன ஆகும்? இப்போதைக்கு 280க்கு வரும். குளிர் விட்டுத் தொட்டி மீண்டும் வெதுவெதுப்பாகி, அடுத்த ஆட்டத்துக்கு ஒரு பிள்ளை அதை எடுத்தால் முதல் குண்டே 310ல் போகும்.

252, 280, 281, 279. முதல் குண்டு மட்டும் குறைவு. துப்பாக்கி கொஞ்ச நேரம் சும்மா கிடந்தபோது ரப்பர் வளையங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டன. முதல் ஓட்டத்தில் போல்ட் அதைப் பிய்த்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. பின்போல்ட் இல்லாமல் ஒரே நீளப் போல்ட் காற்றிலேயே ஓடும் விலை உயர்ந்த மின்னணுத் துப்பாக்கிகளில் இது அடிக்கடி வரும். பழைய கிரீசைத் துடைத்து எடுத்துவிட்டு, அந்தத் துப்பாக்கிக்கு உரிய கிரீசை மெல்லியதாகப் பூசினால் போய்விடும். டிப்மனுக்கு எண்ணெய், அவற்றுக்குக் கிரீஸ்; மாற்றிப் போடாதே.

309, 282, 280, 281. இது நேர் எதிர். முதல் குண்டு மட்டும் கூடுதல். இதற்குத்தான் நீ பயப்பட வேண்டும். ரெகுலேட்டரின் உள் இருக்கை தேய்ந்து, சும்மா கிடக்கும் நேரத்தில் காற்று சொட்டுச் சொட்டாகக் கசிந்து அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. களத்தில் ஒருவன் பதுங்கி உட்கார்ந்திருந்து, இரண்டு நிமிஷம் கழித்து, பத்தடியில் எதிரே வந்தவனைச் சுடுகிறான். அந்தக் குண்டுதான் 309. மீட்டர் முன்னால் தொடர்ந்து சுடும்போது இது தெரியவே தெரியாது. அதனால் ஐந்து குண்டு சுட்டபின், ஒரு தே குடிக்கும் நேரம் வைத்திருந்து, மறுபடி ஒன்று சுட்டுப் பார். இதைச் செய்கிற ஆள் மிகக் குறைவு. நீ செய்.

296, 268, 303, 259, 288. மேலும் கீழும் தாறுமாறாக. இதற்குத் துப்பாக்கியைத் திறக்காதே. முதலில் பேரலுக்குள் பார். உடைந்த குண்டின் சாயம் பூசியிருக்கும். துடைத்தும் அப்படியே என்றால் குண்டைப் பார்.

குண்டைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் போதிய அக்கறை காட்டுவதில்லை. அதன் தோல் ஜெலட்டின். மீன் எண்ணெய் மாத்திரை செய்யும் முறையில் செய்தது. ஆரம்பத்தில் நெல்சனுக்குக் குண்டு செய்து கொடுத்ததே ஆர்.பி. ஷெரர் என்ற மாத்திரை உறைக் கம்பெனிதான். ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சும். நம் கெடா மழைக்காலத்தில் திறந்த பையில் ஒரு வாரம் கிடந்த குண்டு ஊதி, மெத்தென்றாகி, ஒரு பக்கம் குழி விழுந்துவிடும். ஊதிய குண்டு பேரலில் இறுகும், குழி விழுந்தது காற்றைக் கசிய விடும். ஒரே பையில் இரண்டும் கலந்திருக்கும்போது எண்கள் தாறுமாறாகத்தான் வரும். சோதிக்கப் பெரிய சாமான் வேண்டாம். பேரலைக் கழற்றி, பின் வாயில் ஒரு குண்டை வை. தானாக உருண்டு மறுபக்கம் விழுந்தால் குண்டு சிறியது. வாயால் பலமாக ஊதியும் நகரவில்லை என்றால் பெரியது. விழாமல் நின்று, ஒரு ஊதலில் போனால் பொருத்தம். இன்னொன்று, தலை உயரத்திலிருந்து சிமென்டுத் தரையில் போட்டுப் பார். இரண்டு மூன்று முறை போட்டதற்குள் உடைவது நல்ல குண்டு. பந்து மாதிரி துள்ளிக்கொண்டே இருந்தால் அது ஆளின் மேல் பட்டும் உடையாது, வலிக்க மட்டும் செய்யும். பையை மூடி, தரையில் வைக்காமல், வெயில் படாத அறையில் வை. பழைய குண்டைப் புதுப் பையில் கலந்து விற்கும் பழக்கத்தை முதலாளியிடம் பேசி நிறுத்தப் பார். அதில் மிச்சமாகிற வெள்ளியை விட, குண்டு உடைந்து துப்பாக்கி நிற்பதால் போகிற வாடகை அதிகம்.

குண்டு உள்ளேயே நறுங்குவதும் இதோடு சேர்ந்தது. கூடையிலிருந்து குண்டு முழுசாக இறங்குமுன் முன்போல்ட் பாய்ந்தால் அதைப் பாதியாக வெட்டிவிடும். கூடையின் பேட்டரி சோர்ந்திருக்கிறதா பார். குண்டைப் பிடித்து வைக்கும் சின்ன ரப்பர் தடுப்பு தேய்ந்திருந்தால் இரண்டு குண்டு ஒன்றாக உள்ளே போகும். நறுங்கிய சாயம் முன்போல்ட்டில் பசையாக ஒட்டும், போல்ட் மந்தமாகும், வேகம் இறங்கும், பிறகு படபடப்பும் வரும். வேகக் கோளாறு, போல்ட் கோளாறு என்று தனித்தனியாக வந்து நின்றவை இரண்டும் ஒரு தேய்ந்த ரப்பர் துண்டில் போய் முடியும்.

“சிஓடூ தொட்டி காலையிலே ஒரு மாதிரி, மத்தியானம் ஒரு மாதிரி அடிக்குதே அண்ணே?”

அதோ, கடைக்காரர் மீ கோரேங் போடும் அடுப்புக்குக் கீழே உள்ள கேஸ் தோங்கைப் பார். பெரிய தீயில் தொடர்ந்து எரித்ததால் அடிப்பக்கம் வியர்த்து நிற்கிறது, தொட்டால் ஜில்லென்று இருக்கும். உள்ளே திரவம் ஆவியாகும்போது தன் சூட்டைத் தானே எடுத்துக்கொள்கிறது. கார்பன் டை ஆக்சைடு தொட்டியும் அப்படித்தான். அதன் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பம். 20 பாகையில் ஏறக்குறைய 830 பிஎஸ்ஐ. 30 பாகையில் 1000ஐத் தாண்டிவிடும். வேகமாகச் சுட்டால் குளிர்ந்து இறங்கும். வெயிலில் கிடந்தால் ஏறும். 31 பாகைக்கு மேல் அது திரவமாகவே இருக்காது. அதற்குப் பிறகு எவ்வளவு எடை அடைத்திருக்கிறாய் என்பதைப் பொறுத்து அழுத்தம் எகிறும். நம் ஊர் மத்தியானம் நிழலிலேயே அந்த அளவைத் தாண்டுகிறது. மூடிய காருக்குள் கேட்கவே வேண்டாம். அதனால் இந்தத் தொட்டியை எடை போட்டுத்தான் அடைக்க வேண்டும், குறித்த எடைக்கு மேல் ஒரு அவுன்சும் கூடாது. நிழலில், நிமிர்த்தி வை. துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தாலோ மிக வேகமாகச் சுட்டாலோ திரவமே உள்ளே போய்விடும். பேரல் வாயில் வெள்ளைப் புகை, பனித் தூள் மாதிரி வந்தால் அதுதான். அப்போது ரப்பர் வளையங்கள் உறைந்து விறைத்துவிடும். சுடுவதை நிறுத்திச் சூடேற விடு.

என்னைக் கேட்டால் வாடகைத் துப்பாக்கிக்கு நம் வெயிலில் அழுத்தக் காற்றுத் தொட்டிதான். விலை கூட, காற்றடைக்கும் கம்பிரசருக்கும் செலவு. ஆனால் ரெகுலேட்டர் நன்றாக இருக்கும்வரை காலையும் மத்தியானமும் ஒரே எண் வரும். தொட்டியில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியைப் பார்த்து, காலம் தாண்டியதை அடைக்காதே.

தொட்டியைக் கழற்றும்போது ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. தொட்டிக்கும் அதன் தலையிலுள்ள வால்வுக்கும் நடுவே ஒரு மரை இருக்கிறது, வால்வுக்கும் துப்பாக்கிக்கும் நடுவே ஒரு மரை. நீ திருகும்போது கழல வேண்டியது இரண்டாவது. முதலாவது கழன்றால் தொட்டி ராக்கெட்டாகக் கிளம்பும். 2004ல் கலிபோர்னியாவில் அப்படிப் பறந்த தொட்டி, அங்கே நின்ற ஒரு தாயின் உயிரைக் குடித்தது. தடுப்பதற்கு நகப்பாலிஷ் போதும். தொட்டிக் கழுத்திலும் வால்விலும் சேர்ந்தாற்போல் ஒரு நேர்கோடு போட்டு வை. திருகும்போது கோடு இரண்டாகப் பிரிகிறது என்றால் உடனே நிறுத்து, அந்தத் தொட்டியை இனி யாரும் தொடாமல் தனியே எடுத்து வைத்து, தெரிந்த கடையில் கொடு. எல்லாத் தொட்டியிலும் இந்த வாரமே கோடு போட்டுவிடு. சிவப்பு நன்றாகத் தெரியும்.

இவ்வளவும் பார்த்தாகிவிட்டது. காற்று நிறைய இருக்கிறது, வளையங்கள் நல்லவை, நாக்கு கூராக இருக்கிறது, பேரல் சுத்தம், குண்டு பொருந்துகிறது, எண்களும் ஒன்றுக்கொன்று நெருங்கி விழுகின்றன. ஆனால் 280 வேண்டிய இடத்தில் எல்லாம் 292, 294 என்று வருகிறது. இப்போது திருகைத் தொடலாம். டிப்மனில் அது உடம்பின் பக்கவாட்டில் இருக்கிறது. உள்ளே திருகினால் வேகம் குறையும், வெளியே திருகினால் கூடும். டிப்மனோடு உன் களத்தில் இருக்கிற அந்த இரண்டு ஸ்பைடர் துப்பாக்கிகளில் திருகு பின்னால் இருக்கும், அது ஸ்பிரிங்கை அழுத்துகிற திருகு. உள்ளே திருகினால் வேகம் கூடும். நேர் தலைகீழ். ஒரே மேசையில் இரண்டையும் வைத்துக்கொண்டு பழக்கத்தில் திருகிவிடுகிற ஆபத்து இருப்பதால், ஒவ்வொன்றின் மேலும் நாடா ஒட்டி, எந்தப் பக்கம் குறையும் என்று அம்புக்குறி போட்டு வை.

கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதே. கால் சுற்று, மூன்று குண்டு, எழுது. மறுபடி கால் சுற்று, மூன்று குண்டு. 280க்குக் கீழே வந்து நின்றதும், திருகின் தலையிலிருந்து உடம்பு வரை பேனாவால் ஒரு கோடு இழு. யாராவது களத்தில் அலன் கீ வைத்துத் திருகியிருந்தால் கோடு காட்டிக்கொடுக்கும். துப்பாக்கியின் எண், தேதி, ஐந்து குண்டின் கணக்கு, தே குடித்துவிட்டு வந்து சுட்ட அந்த ஒரு குண்டின் கணக்கு, இவற்றை நோட்டில் எழுது. கார்பன் டை ஆக்சைடு தொட்டி மாட்டியவற்றை மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அடுத்த கூட்டத்துக்குக் கொடுக்குமுன், இன்னொரு தடவை மீட்டர் முன்னால் கொண்டு போ.